காலை ஐந்து முதல் எட்டரை வரை

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாலே நாள். மணி காலை ஒன்பதே கால். என் மகன் ரக்ஷித், உடம்பு பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் நிஹாரிகா எழுந்துவிட்டாள். எழுந்து, பல் தேய்க்காமல், டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் கிரீம் பன்னும் மறு கையில் சிப்ஸ் பாக்கெட்டுமாக இரண்டு கைக்கும் சமநீதி வழங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிஷம் நான் முடிவெடுத்தேன். இந்த வீட்டைத் திருத்தாமல் விடுவதில்லை!

என் பெயர் நிங்கராஜு. மண்டியா தாலுகாவில் சர்வேயர். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கினால், முப்பது வருஷமாக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பில் நிற்பார்கள். நான் கை நீட்டிய இடத்தில்தான் எல்லைக்கல் நடுவார்கள். ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்கும் எனக்கு, என் சொந்த வீட்டில் ஒரு ஜாண் இடம் கிடையாது. டி.வி. குழந்தைகளுடையது. பீரோ என் மனைவி வேதாவுடையது. என் சட்டைகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் குடியிருக்கின்றன. பேச்சிலும் இதே கதைதான். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் வேதா முடித்து வைப்பாள். பெரும்பாலும் எனக்கு எதிராக.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வீட்டில் என் சொல் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

ஆபீஸிலிருந்து வரைபடத் தாள் கொண்டுவந்து கால அட்டவணை போட்டேன். சிவப்பு மசியில் கட்டம், கறுப்பு மசியில் எழுத்து. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். வேதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"அஞ்சு மணி, எழுந்திருத்தல். அஞ்சே கால், வெந்நீர். அஞ்சரை, தேகப்பயிற்சி. ஆறரை, ராகிக் கஞ்சி. ஏழரை, கீரை, பயறு, பழம் அடங்கிய டிபன் டப்பா தயார். சர்க்கரை கிடையாது. மைதா கிடையாது. பேக்கரி கிடையவே கிடையாது. ஏங்க, சமைக்கறது யாருன்னு இதுல போடலையே?"

"அதை எழுத வேற செய்யணுமா? நீதான்."

"ஆக, திட்டம் உங்களுது. திண்டாட்டம் என்னுது."

"இத்தனை வருஷமா செஞ்சுக்கிட்டுத்தானே இருக்க?"

"அதான் சொல்றேன். எந்த டப்பா காலியா வரும், எந்த டப்பா அப்படியே திரும்பி வரும்னு எனக்குத்தான் தெரியும். கீரையைக் கண்ணுல காட்டினாலே உங்க பையன் ஜுரம் வந்த மாதிரி படுத்துக்குவான்."

"நீ ஒழுங்கா ஒரு முறைப்படி செய்யறதில்ல. அதான் காரணம். இதுவே நான் செஞ்சா..."

அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கடிக்கவில்லை.

"நீங்க செஞ்சா?" என்றாள் வேதா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் செஞ்சா, முப்பதே நாள்ல ரெண்டும் ராணுவம் மாதிரி நிக்கும்!"

"மூணு நாள் தாங்க மாட்டீங்க."

"முப்பது நாள்! பந்தயம்!"

"தோத்துட்டா?"

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். வீராவேசத்தில் இருப்பவன் யோசிக்கவே கூடாது. என்னிடம் பெரியதாக எது இருக்கிறதோ அதுதான் நினைவுக்கு வந்தது. "தோத்துட்டா, ஆயுசுக்கும் சாயங்காலம் பேக்கரிப் பக்கம் போக மாட்டேன்."

எங்கள் தெருமுனைப் பேக்கரியில் தினமும் ஐந்து மணிக்குக் கார பன்னை இரண்டாகப் பிளந்து, நடுவில் வெண்ணெய் தடவி, கல்லில் திருப்பிப் போட்டுத் தருவான். அதற்காகத்தான் நான் ஆபீஸுக்கே போகிறேன் என்றாலும் தப்பில்லை.

"சரி, ஜெயிச்சுட்டா?" என்றாள்.

"காலை நேரம் என் ராஜ்யம். சமையல், டப்பா, பிள்ளைங்க, எல்லாம் என் சொல்படி. நீ குறுக்கே வரக்கூடாது."

வேதாவின் முகம் வாடியது. "என்னங்க, ஒரேடியா என்னை ஒதுக்கிடுவீங்களா?"

"ஒதுக்கித்தான் ஆகணும்."

"உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, இந்த முப்பது நாளும் பிள்ளைங்க சாப்பாடுதான் உங்களுக்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

ஜூன் ஒன்று, பள்ளி திறந்தது. பந்தயத்தின் முதல் நாள் உப்புமா செய்தேன். ரக்ஷித் கரண்டியால் தட்டிப் பார்த்தான்.

"அப்பா, நம்ம மாடி கட்டறப்போ மேஸ்திரி கலக்கினது இதேதானே?"

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு!"

"வாயை மூடிக்கிட்டு எப்படிப்பா சாப்பிடறது?"

அதற்குள் நிஹாரிகா தலையைக் கொண்டுவந்து நீட்டினாள். இரட்டைப் பின்னல் வேண்டுமாம். நான் அளவு நாடாவை எடுத்து, உச்சி வகிடைக் கோடு பிடித்து, இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துத்தான் பின்னினேன். கண்ணாடியில் பார்த்தவள் வீறிட்டாள்.

"ஒண்ணு வடக்கே போகுது, ஒண்ணு தெற்கே போகுது! இப்படியே போனா மிஸ் சிரிப்பாங்கப்பா!"

வெளியே வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ரக்ஷித்துக்கு ஒரு காலில் சாக்ஸ் இல்லை. வேதா கூடத்தில் உட்கார்ந்து, காபி குடித்தபடி, பேப்பரில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெற்றி என்று போட்டிருந்ததாம்.

மூன்றாம் நாள் ராகிக் களி கிண்டினேன். அண்டா நிறைய கட்டிகள். கோலைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் வந்து ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினேன். சுற்றுச்சுவருக்கு மேல் ஒரு மீசை எழுந்தது. பக்கத்து வீட்டுப் புட்டஸ்வாமி. மின்வாரியத்தில் லைன்மேன். இடி இடிக்கும்போதே கம்பத்தில் ஏறுகிற தைரியசாலி.

"நிங்கராஜண்ணா, தண்ணி கொதிக்கறப்போ மாவைக் குவிச்சாப்ல கொட்டணும். கிளறக் கூடாது. நடுவுல கோலால ஒரு குத்து. அப்படியே அஞ்சு நிமிஷம் வேக விட்டுட்டு, அப்புறம் இறக்கி வெச்சுக் கிண்டுங்க. கட்டியே வராது."

"உங்களுக்கு எப்படிய்யா இதெல்லாம் தெரியும்?"

"லைன்மேன்னா நாலும் தெரிஞ்சிருக்கணும்ண்ணா" என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்தார். மீசையில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. பாவம், இந்த வயசிலேயே நரைக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னபடி கிண்டினேன். அடடா! பளபளவென்று நாலு உருண்டை. ராகி என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு மூளை வேலை செய்யாது, மார்புதான் வேலை செய்யும். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு உருண்டையை இரண்டு டப்பாவில் வைத்து, தனிக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளக் கீரைச் சாறு ஊற்றி, மூடி அனுப்பினேன். என் பிள்ளைகள் மைதா தின்னும் கூட்டத்தின் நடுவே சிங்கம் போல உட்கார்ந்து களி சாப்பிடும் காட்சியை நினைத்துக்கொண்டே வயல் அளந்தேன். அன்று ஒருவனுக்கு அரை அடி கூடவே அளந்திருப்பேன்.

இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். "உடனே வாங்க."

தலைமையாசிரியை அறையில் மேஜைமேல் ஒரு காகிதம். காகிதத்தின்மேல் என் களி உருண்டை. அதில் நாலு பல் பதிந்திருந்தது. ஓரத்தில் ரக்ஷித் தலை குனிந்து நின்றான். நாற்காலியில் அவனுடைய வகுப்பு ஆசிரியை பிரமிளா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மங்களூர்ப் பெண், அரிசிச் சோறு தின்று வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள்.

"இது என்ன சார்?" என்றார் தலைமையாசிரியை.

"களி மேடம்."

"அது தெரியுது. நானும் இந்த ஊர்க்காரிதான். எப்போ கிண்டினது?"

"காலையில அஞ்சரைக்கு."

"அஞ்சரைக்கா! அடுப்புலருந்து இறக்கி ஆவி அடங்கறதுக்குள்ள சாப்பிட வேண்டியது. அதை டப்பாவுல கட்டி, ஒரு மணிக்குத் திறந்தா என்ன ஆகும்? மண்டியாக்காரருக்கு இதைக்கூட நான் சொல்லித் தரணுமா? உங்க பையன் சாப்பிட மாட்டேன்னான். 'சாப்பாட்டை வீணாக்கக் கூடாது, இதோ பாரு, மிஸ் சாப்பிடறேன்'னு இந்தப் பொண்ணு ஒரு கடி கடிச்சிருக்கு. பல்லுல அடைச்சிருந்த சிமெண்ட்டு பெயர்ந்து கையோட வந்துடுச்சு!"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. அளந்து பார்த்து நல்ல இடமாகப் பிளக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்போது பிரமிளா வாயைக் கோணிக்கொண்டு, "நான் மென்னுதான் பார்த்தேன் மேடம்" என்றாள்.

தலைமையாசிரியை சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "என்னது? மென்னியா? களியை மென்னியா?"

"பின்னே எப்படி மேடம்?"

"முழுங்கணும்மா! கிள்ளி, சாறுல புரட்டி, அப்படியே முழுங்கணும்! களியைப் போய் மெல்லுவாங்களா யாராவது? எங்க ஊருக்கு வேலைக்கு வந்துட்டு இப்படியா அவமானம் பண்ணுவ?"

என்னை விடப் பெரிய குற்றவாளி கிடைத்துவிட்டாள். அந்தச் சந்தடியில் நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவினேன். வாசல் தாண்டும்போது, "அந்தக் கீரைச் சாறு மட்டும் நல்லா இருந்துச்சு சார்" என்ற தலைமையாசிரியையின் குரல் பின்னால் கேட்டது.

வீட்டுக்கு வந்து துண்டை உதறித் தோளில் போட்டேன். "வேதா, போதும். என்னால முடியாது."

வேதா என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "விட்டுடுங்க. பாவம், எப்படி இளைச்சுட்டீங்க. இது உங்களால ஆகற காரியமில்ல. பேக்கரிக்காரன்தான் அழுவான். அவனுக்கு நான் ஆறுதல் சொல்லிக்கறேன்."

"ஆகற காரியமில்லையா?"

"அதில்லைங்க. ராகி ரொட்டின்னா ஆறினாலும் மெத்துனு இருக்கும். முருங்கைக் கீரை, வெங்காயம், கொஞ்சம் கேரட் துருவிப் போட்டு, வெந்நீர்ல மாவு பிசைஞ்சா பிள்ளைங்க அள்ளிக்கிட்டுத் திங்கும். ஆனா அதெல்லாம் உங்க கைக்கு வராது. பேசாம விட்டுடுங்க."

"யாரு கைக்கு வராது?"

மறுநாள் ஐந்து மணிக்கு ராகி ரொட்டி தட்டினேன். முதல் ரொட்டி இலங்கை வரைபடம். இரண்டாவது கர்நாடகா. நாலாவது வட்டம்! டப்பா இரண்டும் காலியாகத் திரும்பி வந்தன. நான் அவற்றை மூன்று தடவை திறந்து திறந்து பார்த்தேன். கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன். உண்மையாகவே காலி. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எனக்கு உத்தியோகம் கிடைத்த அன்றுகூட இவ்வளவு இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடக்க ஆரம்பித்தது. நான் எழுந்து வரும்போது கொள்ளு ஊறியிருக்கும். ராத்திரி நான்தான் ஊறப் போட்டு மறந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். கீரை ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றியிருக்கும். கீரைக்காரி நல்ல பெண், ஆய்ந்தே கொடுத்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அலாரம் அடிக்கவில்லை. சரியாக ஐந்து மணிக்கு யாரோ என் காலைச் சுரண்டினார்கள். பதறி எழுந்து பார்த்தால், வேதா அந்தப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கடவுளே என் கட்சியில் இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

இருபதாம் நாள் சபலம். சாயங்காலம் தலையில் துண்டு போர்த்திக்கொண்டு பேக்கரிக்குப் போனேன்.

"ஒரு கார பன். வெண்ணெய் கொஞ்சம் தாராளமா."

பேக்கரிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம்ண்ணா. உங்களுக்குப் பன் கொடுத்தா அக்கா இனிமே பிறந்தநாள் கேக்கே எங்கிட்ட வாங்க மாட்டாங்களாம். காலையிலயே வந்து சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஜெயிக்கணும்னு அவங்களுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கண்ணா!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்கப் போகிறவள், என் வெற்றிக்காகக் காவல் இருக்கிறாள். இப்படியும் ஒரு மனைவியா!

மாதம் முடியும்போது எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்தரைக்கு இரண்டு பிள்ளைகளும் தாமாக எழுந்துவிடும். ரக்ஷித் மொச்சை உரிப்பான். உரித்ததில் பாதியை நிஹாரிகாமேல் எறிவான். நிஹாரிகா தேங்காய் துருவுவாள். துருவியதில் பாதியைத் தின்பாள். மூன்று பேரும் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் சமைப்போம். அவள் இரட்டைப் பின்னல் இரண்டும் ஒரே திசையில் போயின. என் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளோடு காலையில் இத்தனை வருஷம் பேசாமல், போர்வைக்குள் கிடந்தேனே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

முப்பதாம் நாள் சாயங்காலம் நிஹாரிகா பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். "அப்பா! என் டப்பாவை எல்லாரும் பிடுங்கித் தின்னுட்டாங்க! எனக்கு ஒரு ரொட்டிதான் கிடைச்சுது. நாளைக்கு நாலு கூட வைக்கணும்!"

நான் வேதாவைப் பார்த்தேன். வேதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தோத்துட்டேங்க."

"இன்னொரு தடவை சொல்லு!"

"தோத்துட்டேன். இனிமே காலையில இந்த வீட்டுல உங்க சொல்தான்."

அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் நான் சர்வேயர். வாய்ப்பேச்சை நம்பி எத்தனை பேர் கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்! எல்லை என்றால் கல் நட வேண்டும், இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். தாள் எடுத்தேன். நானே எழுதினேன்.

'காலை ஐந்து முதல் எட்டரை வரை, சமையல், டிபன் டப்பா, பிள்ளைகளைக் கிளப்புதல் ஆகிய சகலமும் நிங்கராஜுவின் ஏகபோக உரிமை. இதற்குச் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை: கிழக்கே கேஸ் அடுப்பு, மேற்கே குளிர்பெட்டி, வடக்கே பாத்திரம் கழுவும் தொட்டி, தெற்கே பிள்ளைகளின் புத்தகப் பை. இதற்குள் வேதாவதிக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை.'

வேதா வாசித்தாள். உதடு துடித்தது. "பாத்திரம் கழுவறதும் உள்ளேயாங்க? அதையாவது எனக்கு விடக் கூடாதா?"

"கூடாது!"

"எத்தனை நாளைக்குங்க?"

"பிள்ளைங்க படிப்பு முடியறவரைக்கும்!" என்று அதையும் சேர்த்து எழுதினேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்குப் புட்டஸ்வாமியைக் கூப்பிட்டேன். அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடிக்கு அஞ்சாத அந்த மனுஷன் பேனாவை வாங்கத் தயங்கினார்.

"நல்லா யோசிச்சீங்களாண்ணா?"

"போடுங்கய்யா கையெழுத்தை!"

போட்டார்.

மறுநாள் ஜூலை ஒன்று. ஜெயித்தவன் ஒருநாளாவது அசந்து தூங்கலாம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சரியாக ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தது. வேதா நின்றுகொண்டிருந்தாள். சுடிதார். வெள்ளை வெளேரென்று புதுக் கான்வாஸ் ஷூ. கையில் ஷட்டில் மட்டை.

"எங்க கிளம்பிட்ட?"

"ஸ்டேடியத்துக்கு. தெருப் பொம்பளைங்க எல்லாம் காலையில ஷட்டில் ஆடறாங்க. ரெண்டு வருஷமா கூப்பிடறாங்க. எனக்கு எங்கே நேரம் இருந்துச்சு?"

"அப்போ டிபன்?"

"அதுல எனக்கு ஏதுங்க உரிமை?"

"வேதா! இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்..."

"அய்யய்யோ, நான் எல்லை தாண்ட மாட்டேன். சாட்சிக் கையெழுத்து வேற இருக்கு. மணி அஞ்சு அஞ்சு ஆச்சு, நிஹாரிகா நாலு ரொட்டி கூடக் கேட்டா, மறந்துடாதீங்க."

"ஜெயிச்சது நான் வேதா!"

"ஆமாங்க. யாரு இல்லேன்னா?" என்று சொல்லி, ரொம்ப அன்பாக என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள்.

வாசலுக்கு ஓடினேன். தெருவில் மூன்று பெண்கள் மட்டையோடு காத்திருந்தார்கள். நடுவில் புட்டஸ்வாமியின் மனைவி கமலாக்ஷி. வேதாவைப் பார்த்ததும் மூவரும் கை தட்டினார்கள். நாலு பேரும் சிரித்துக்கொண்டே முனை திரும்பிப் போனார்கள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். இடுப்பில் துண்டு, கையில் அரிசி மாவு, மீசையிலும் அரிசி மாவு. புட்டஸ்வாமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கண்ணா" என்றார். "இந்தத் தெருவுல பொண்டாட்டிய ஜெயிச்ச நாலாவது ஆம்பளை நீங்க."